அக்னிவீர் விண்ணப்பம்: ஓடிப் பழகுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்த பிறகு, தரைப்படையில் சிப்பாயாகச் சேர அதுதான் பெரிய வாசல். அதில் சேருபவர்தான் அக்னிவீர். நாலு வருட வேலை. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நாலாவது வருடம் 40,000. அதில் 30 சதவீதத்தை, கடைசியில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள்; முதல் வருடம் கையில் வருவது 21,000. நாலு வருடம் முடிந்ததும் ஒரு பேட்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுப்பார்கள். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஊரில் பலரும் இன்னும் பழைய மிலிட்டரிக் கணக்கையே போடுகிறார்கள். பென்ஷன், கேன்டீன் கார்டு, முன்னாள் ராணுவத்தினர் கோட்டா எல்லாம் வரும் என்று பையனை அனுப்புகிறார்கள். நாலு வருடத்தில் வெளியே வருபவருக்கு இவை எதுவும் கிடையாது. சேவா நிதியாக வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அசலில் பாதி, அதாவது 5.02 லட்சம், அவன் சம்பளத்தில் பிடித்த பணம்தான். மறுபாதி அரசு போடுவது. நடுவில் தன் விருப்பத்தில் விலக அனுமதி கிடைத்தாலும் அரசின் பங்கு வராது. நாலு வருடமும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. வீட்டில் பெண் பார்த்து வைத்திருந்தால் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

நிரந்தர வேலைதான் வேண்டும் என்பவர்கள் மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி நடத்தும் கான்ஸ்டபிள் ஜிடி (ஜெனரல் டியூட்டி) தேர்வையும் சேர்த்து எழுத வேண்டும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் மாதிரி துணை ராணுவப் படைகள் எல்லாம் அதில்தான் வரும். தமிழிலேயே எழுதலாம். ஊரில் அதையும் மிலிட்டரி என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் வேறு வேலை. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்றுக்குக் கூடாது என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அப்படி எந்த விதியும் இல்லை.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பையன்கள் முதலில் சறுக்குவது பிரிவைத் தேர்வு செய்யும் இடத்தில். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்காமலே 'ஜெனரல் டியூட்டி' என்று போட்டுவிடுவார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதில் உயரம் 166 செ.மீ. டெக்னிக்கலுக்கு 165, கிளார்க்குக்கு 162. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய 164 செ.மீ. பையன் ஜிடியில் போட்டு, எழுத்துத் தேர்விலும் தேறி, ரேலி (உடல் தகுதித் தேர்வு) மைதானத்தில் அளவுக்கம்பியின் கீழ் நின்று திரும்பி வருவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கிளார்க்கில் போட்டிருந்தால் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. 2025 முதல் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்க விடுகிறார்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி, சுவரோடு நின்று, உண்மையான உயரத்தை அளந்து பாருங்கள்.

மார்க்கிலும் பொறி இருக்கிறது. ஜிடிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம் வேண்டும், அதாவது 500-க்கு 225. பாஸ் ஆகிவிட்டேன் என்பது மட்டும் போதாது. கிளார்க்குக்கு பன்னிரண்டில் மொத்தம் 60 சதவீதம், அதோடு ஒவ்வொரு பாடத்திலும் 50. மொத்தம் 75 சதவீதம் வைத்திருந்தாலும் ஒரே ஒரு பாடத்தில் 48 என்றால் முடிந்தது. 2021-ல் பத்தாம் வகுப்பு 'ஆல் பாஸ்' ஆனவர்களின் சான்றிதழில் மார்க்கே இல்லை. அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்று ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்கு ஈமெயிலில் கேட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்ன பதிலை மைதானத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எம்', ஆதாரில் 'கார்த்திக் முருகன்', சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முருகேசன். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வேறு மாநிலத்திலிருந்து வந்து சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரிக்கு மூன்று ஆட்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை, மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பினால் பள்ளிக்கும் தேர்வுத் துறைக்கும் அலைந்தே வயது வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறை, பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும். அவசரத்தில் தப்பாக மாற்றிவிடாதீர்கள்.

சான்றிதழ்களில் இருப்பிடம், சாதி இரண்டும் இ-சேவையில் விண்ணப்பித்து வாங்குபவை. மையத்தில் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று போகும். விஏஓ ஆபீஸில் கேட்டால் "நான் அனுப்பிட்டேன், ஆர்ஐகிட்ட இருக்கு" என்பார். ஆர்ஐயைக் கேட்டால் இன்னும் வரவில்லை என்பார். வாய்ப்பேச்சு வேண்டாம். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தால் யாரிடம் நிற்கிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

நன்னடத்தைச் சான்றிதழும் திருமணமாகாதவர் சான்றிதழும் போட்டோவுடன், ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பலருடைய உழைப்பு வீணாவது இதில்தான். 2025-ல் விண்ணப்பம் மார்ச்சில் தொடங்கியது, எழுத்துத் தேர்வு ஜூன் 30 முதல் ஜூலை 10 வரை நடந்தது, ரேலி அதற்கும் பிறகு. விண்ணப்பிக்கும்போதே சுறுசுறுப்பாக வாங்கி வைத்த சான்றிதழ் ரேலி நாளில் காலாவதியாகி இருக்கலாம். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு வாங்குங்கள். இன்னொரு சிக்கல், 28 மாவட்டங்களில் இந்தச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். பதவியில் இல்லாத தலைவர் பழைய லெட்டர்பேடில் பாசத்தோடு எழுதிக் கொடுப்பார். அது செல்லாது. கையெழுத்துப் போடுபவர் அன்றைக்குப் பதவியில் இருக்கிறாரா என்று பாருங்கள். உறுதிமொழிக்கு 10 ரூபாய் முத்திரைத்தாள் கேட்பார்கள். மைதானத்து வாசலில் தேடினால் சொன்ன விலைதான், ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

மைதானத்துக்கு ஒரிஜினல் மார்க் ஷீட் கட்டாயம் வேண்டும். அது பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ மாட்டியிருந்தால்? பீஸ் பாக்கி என்று தர மறுப்பார்கள். மாணவர்களின் ஒரிஜினலைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. வாயால் கேட்டு நிற்காமல் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ரேலிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையில் காதில் அழுக்கு இருந்தாலே அன்றைக்குத் தேர்ச்சி இல்லை. முன்கூட்டியே டாக்டரிடம் காட்டி சுத்தம் செய்யுங்கள், பல் காறையையும் எடுத்துவிடுங்கள். பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர வேறு இடம் ஆகாது. பழங்குடியினருக்குத் தனி விதி. காது, பல் போன்ற குறைகளுக்கு ராணுவ மருத்துவமனைக்கு மறு பரிசோதனைக்கு அனுப்பினால், சீட்டில் போட்டிருக்கும் தேதியைத் தவறவிடக் கூடாது.

கடைசியாக ஏஜென்ட். "கர்னல் நமக்கு வேண்டியவர், ஜாயினிங் லெட்டர் வந்த பிறகு பணம் கொடுங்கள், இப்போதைக்கு மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்கள்" என்பான். பையன் சொந்த முயற்சியில் தேறினால் தன்னால்தான் என்று பணம் கேட்பான், தேறாவிட்டால் அடுத்த ரேலி என்பான். இரண்டிலும் மார்க் ஷீட் அவனிடமே இருக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். ரசீது எண்ணைச் சொன்னதும் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.