கம்யூனிட்டி-லெட்: ‘சமூகத் தலைமையிலான’ என்னும் பெயர்ப்பு ஏன் பிழை?

குழந்தைகளின் வறுமையைப் போக்கப் பாடுபடும் ஓர் அறநிறுவனத்தின் அறிக்கையைச் செப்பம் செய்து தரும்படி அண்மையில் என்னைக் கேட்டிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே அதன் இயக்குநரை, ‘குழந்தை வறுமைக்கான சமூகத் தலைமையிலான தீர்வுகளை ஆதரிக்கும் தொண்டு நிறுவனத்திற்குத் தலைமை தாங்குபவர்’ என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். ஒரே தொடரில் இரண்டு தலைமைகள். சமூகம் தலைமை ஏற்கிறது என்றால் இயக்குநர் எதற்குத் தலைமை ஏற்கிறார், இயக்குநரே தலைமை என்றால் சமூகத்துக்கு எஞ்சுவது என்ன என்பது இருமுறை படித்தும் எனக்குப் புலப்படவில்லை. ‘கம்யூனிட்டி-லெட்’ (community-led) என்னும் ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பு இது. பயிற்சிக் கையேடுகளிலும் வேலைவாய்ப்பு அறிவிப்புகளிலும் ‘சமூகத் தலைமையிலான’ என்பதைப் பலமுறை கண்டு கடந்து வந்திருக்கிறேன். இனியும் கடந்துபோவது முறையாகாது.

கம்யூனிட்டி என்னும் சொல் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கூட’ என்னும் பொருள் தரும் முன்னொட்டும், கடமை, கொடை என்னும் பொருள்களைத் தரும் ‘மூனுஸ்’ என்னும் சொல்லும் அதன் வேரில் இருக்கின்றன. லெட் என்பது ‘லீட்’ என்னும் வினையிலிருந்து வந்தது. அவ்வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் உடன் அழைத்துச் செல்லுதல், போகச் செய்தல் என்பன பொருள். இரண்டும் இணைந்த தொடரைப் பெயரிலேயே தாங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு முயற்சி உண்டு. 1999–2000 காலத்தில் வங்கதேசத்தின் ராஜசாகி பகுதியில் கமல் கார் என்னும் வளர்ச்சித் திட்ட ஆலோசகர் தொடங்கிவைத்த ‘கம்யூனிட்டி-லெட் டோட்டல் சானிட்டேஷன்’ என்னும் துப்புரவு முறை அது. கழிப்பறை கட்ட வெளியார் மானியம் தருவதை அம்முறை விலக்கியது. திறந்தவெளியில் மலம் கழிப்பதன் கேட்டைக் கிராமத்தார் தாமே ஆராய்ந்து, தாமே முடிவெடுத்துச் செயல்பட்டார்கள். சிக்கல் எது என்று சொல்வதும், வழியைத் தேர்வதும், விளைவை எடைபோடுவதும் அதனால் பாதிக்கப்பட்டவர்களின் கையில் இருக்க வேண்டும் என்பதே இத்தொடரின் உயிர்.

அந்த உயிரைத்தான் ‘சமூகத் தலைமையிலான’ என்னும் பெயர்ப்பு போக்கிவிடுகிறது. முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். தமிழில் ‘அமைச்சர் தலைமையிலான குழு’, ‘நீதிபதி தலைமையிலான ஆணையம்’ என்கிறோம். தலைமை ஏற்பவர் ஒருவர். அவருக்குக் கீழே இயங்குவோர் பலர். குழுவுக்கும் அணிக்கும் கூட்டத்துக்கும் ஆட்சிக்கும் தலைமை உண்டு. தீர்வுக்குத் தலைமை ஏது? தீர்வைத் தமிழில் காண்கிறோம், தேடுகிறோம், எட்டுகிறோம். எவரும் அதற்குத் தலைமை தாங்குவதில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லுக்கு ஒரு சொல் என்று அடுக்கியவர், அந்த அடுக்கைத் தமிழ் வாக்கியம் ஏற்குமா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தாலே நின்றிருப்பார்.

அமைப்புப் பிழையைவிடப் பொருட்பிழை கொடியது. ‘சமூகத் தலைமை’ என்பதைப் படிக்கும் தமிழர் அதைச் ‘சமூகத்தின் தலைமை’ என்றே விரித்துக்கொள்வார். சமூகத்தின் தலைமை என்றால் தலைவர்கள்: செல்வாக்கு உள்ளவர்கள், எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்பவர்கள். செய்தித்தாள்களில் ‘அச்சமூகத்தினர்’ என்றாலே ஒரு சாதியையோ மதத்தையோ சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அச்சொல் பழகிவிட்ட நிலையில், இந்த மயக்கம் இன்னும் வலுக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு வேளை உணவு தர வழியில்லாத ஒரு தாய் எந்தச் சமூகத் தலைமையிலும் இருப்பதில்லை. அவள் குரல் முடிவெடுக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதற்காகவே உருவான ஒரு கருத்து, தமிழில் அவளை வெளியே நிறுத்திவிட்டு, எப்போதும் முடிவெடுத்து வந்தவர்களையே மீண்டும் நாற்காலியில் அமர்த்துகிறது. மூலத்துக்கு நேர் எதிரான பொருளைத் தரும் பெயர்ப்பை வெறும் நடைக்குறை என்று நான் ஒதுக்க மாட்டேன்.

‘சமூகம்’ என்பது சமூகம் முழுமைக்கும் அதனுள் அடங்கிய ஒரு சிறு கூட்டத்துக்கும் ஒருசேர வழங்குவது மற்றொரு தொல்லை. சமூக நீதி, சமூக அறிவியல் என்பவற்றில் அது முழுமை. இங்கே ஒரு தெருவிலோ குடியிருப்பிலோ சேர்ந்து வாழும் சில குடும்பங்கள். ஈழத் தமிழில் ‘கூட்டத்துக்குச் சமூகமளித்தார்’ என்றால் வந்திருந்தார் என்றே பொருள். தனித்தமிழ் அன்பர்கள் இச்சொல்லை விலக்கிக் ‘குமுகம்’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் நோக்கத்தை மதிக்கிறேன். பல சொற்களில் அவர்கள் வழியையே நானும் பின்பற்றுகிறேன். ஆயினும் ‘குமுகத் தலைமையிலான தீர்வு’ என்பதில் வடசொல் நீங்கியிருக்கிறதே ஒழியப் பிழை நீங்கவில்லை. முதலில் மாற்ற வேண்டியது ‘தலைமை’.

வேறு சிலர் ‘சமூகம் சார்ந்த’ என்றும் ‘மக்கள் பங்கேற்புடன் கூடிய’ என்றும் எழுதுகிறார்கள். முதலாவது, வேலை எங்கே நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒரு குடியிருப்புக்குள் அமர்ந்து தம் திட்டத்தையே நிறைவேற்றினாலும் அது சமூகம் சார்ந்ததுதான். இரண்டாவது இன்னும் நீர்த்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தபோது, தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது ஆகிய மூன்றையும் ஒப்புக்குச் செய்பவை என்றே வைத்தார். கூட்டாளியாவதும், அதிகாரம் ஒப்படைக்கப்படுவதும், முழுக் கட்டுப்பாடு மக்களிடம் வருவதும் மேலே உள்ள மூன்று படிகள். பங்கேற்பு என்னும் ஒரு சொல் இந்தப் படிகள் அனைத்தையும் மூடிக்கொள்ளும். கம்யூனிட்டி-லெட் என்பதோ மேற்படிகளுக்கு மட்டும் உரியது.

தமிழில் இதற்கு வழி இல்லையா? பழைய சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. திருக்குறளில் குடிசெயல்வகை என்றே ஓர் அதிகாரம் உண்டு. ‘குடிசெய்வல் என்னும் ஒருவற்குத் தெய்வம் மடிதற்றுத் தான்முந் துறும்’ என்பது அதில் 1023-ஆம் குறள். தன் குடியை உயர்த்துவேன் என்று முனைபவனுக்கு உதவ, தெய்வமே ஆடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னே வந்து நிற்குமாம். இங்கே முன்னே வருவது வேலை செய்வதற்காக; ஆடையை வரிந்து கட்டுவது அதற்கான ஆயத்தம். இதே பொருளில்தான் இன்றும் ‘திருமணத்தை முன்னின்று நடத்தினார்’ என்கிறோம். பொறுப்பைத் தோளில் ஏற்று, கடைசிவரை உடனிருந்து முடித்தவரைத்தான் அப்படிச் சொல்வோம்; மேடையில் தலைமை தாங்கியவரைச் சொல்ல மாட்டோம்.

ஆகவே ‘மக்களே முன்னின்று காணும் தீர்வு’ என்பது என் பரிந்துரை. ‘மக்களே’ என்பதில் உள்ள ஏகாரம் அழகுக்காகச் சேர்த்தது அன்று. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் பிரிநிலை ஒன்று: பிறரை விலக்கி இவர்களைப் பிரித்துக் காட்டுவது. ஆங்கிலத் தொடர் இரண்டு சொற்களால் சொல்வதில் பாதியை இந்த ஒற்றை எழுத்து சுமக்கிறது. தொடர் நீளம், கலைச்சொல் ஆகாது என்பார்கள். நீளம்தான். ஆனால் கேட்டவுடன் விளங்கும் நான்கு சொற்களை, விளங்காத இரண்டு சொற்களுக்காக விட்டுக்கொடுக்க நான் உடன்பட மாட்டேன். அறிக்கைகளை மொழிபெயர்ப்போர் சுருக்கத்தைத் துல்லியம் என்று எண்ணும் வழக்கம் பெருகிவருகிறது. அந்த அறிக்கை யாரைப் பற்றியதோ அவர்களால் அதைப் படித்து விளங்கிக்கொள்ள முடியாமல் போவதுதான் அதன் விளைவு.

இத்தொடர் குழந்தைகளுக்கும் பொருந்தும். குழந்தைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992-இல் யூனிசெஃப் வெளியீடாகக் கொண்டுவந்த குழந்தைகள் பங்கேற்பு ஏணியில், உச்சிப்படி குழந்தைகள் தனித்து ஆள்வது அன்று. அவர்கள் தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது. ‘குழந்தைகள் தலைமையிலான’ என்றால் இது தொலைந்துபோகும். ‘குழந்தைகளே முன்னின்று’ என்றால் உடன் நிற்பவருக்கும் இடம் இருக்கிறது.

‘குழந்தை வறுமை’ பற்றியும் ஒரு சொல். சொல் வறுமை என்றால் சொற்கள் இல்லாமை, கற்பனை வறுமை என்றால் கற்பனை இல்லாமை. அந்த வழக்கின்படி குழந்தை வறுமை என்பது குழந்தைகள் இல்லாமை ஆகிவிடும். ‘குழந்தைகளின் வறுமை’ என்று உருபை விரித்து எழுதினால் ஓரெழுத்துக்கூட வீணாகாது.

அறிக்கையின் தொடரை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: ‘குழந்தைகளின் வறுமைக்கு மக்களே முன்னின்று காணும் தீர்வுகளுக்குத் துணைநிற்கும் அறநிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர்.’ மக்கள் முன்நிற்கிறார்கள், நிறுவனம் துணைநிற்கிறது, இயக்குநர் நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார். இயக்குநரின் பெயருக்கு அருகில் ‘தலைமை’ என்னும் சொல்லே இல்லையே என்று கேட்டு எழுதினார்கள். இயக்குநர் என்னும் பதவிப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது என்று பதில் அனுப்பினேன்.