எடுத்தது யார், விடுவிப்பது யார்? கேர்னல் நினைவகத்தைத் துப்புரவாக்க முன்

பங்குக் கிணற்றில் இன்றைய முறை யாருடையது என்று கேளாமல் நீரிறைக்கும் மிசினை இயக்கினால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் இணுவிலிலோ கோப்பாயிலோ தோட்டம் செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல் எடுத்துப் பயன்படுத்தும் நினைவகமும் பங்குக் கிணறுதான். சாதாரண நிரல் விடுவிக்க மறந்ததை, அது முடிந்ததும் கேர்னல் மீட்டுக்கொள்ளும். கேர்னல் தானே மறந்தால், மறுபடி பூட் செய்யும்வரை அந்த இடம் போனதுதான். 512 எம்பி நினைவகமுள்ள சிறு கணினிப் போர்டில், சென்சரைக் கேர்னலோடு இணைக்கும் நிரலான ட்றைவரை எழுதும் மாணவர்களுக்கு இது சின்ன விசயமல்ல.

துப்புரவு என்று நிரல் வரிகளை நகர்த்துவதற்கு முன், ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் (கேட்டு எடுத்த நினைவகத் துண்டுக்கும்) உரியவர் யார் என்று தாளில் எழுதுங்கள். பிழை வந்தால் திரும்பும் பாதையில், கடைசியாக எடுத்ததை முதலில் விட வேண்டும். இன்ரறப்டை (கருவி கேர்னலை இடைமறித்து அழைக்கும் சைகையை) நிறுத்தாமல் பஃபரை (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடத்தை) விடுவித்தால், அடுத்த இன்ரறப்ட் விடுபட்ட இடத்தில் எழுதும். நினைவகத்தை விடுவிக்கும் கே-ஃப்ரீக்கு முன்னால் நிற்கும், சுட்டி வெற்றா (எந்த முகவரியையும் காட்டாததா) என்ற சோதனையைப் பயமின்றி நீக்கலாம். வெற்றுச் சுட்டி வந்தால் கே-ஃப்ரீ ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பிழை எண்ணைச் சுமந்த சுட்டி வெற்றுச் சுட்டியல்ல, அங்கே கவனம்.

எடுத்த நினைவகத்தின் அளவை மாற்றும் கே-றீஅலொக்கின் விடையை அதே சுட்டியிலேயே போடுவது பழைய வியாதி. அது தோற்றால் வெற்றுச் சுட்டி வரும், பழைய நினைவகம் அப்படியே இருக்கும், அதன் முகவரி மட்டும் தொலைந்துவிடும். ஒதுக்கும் அளவைக் கையால் பெருக்குவதும் அப்படித்தான்: 32 பிற் கணினியில் 1073741825 ஐ 4 ஆல் பெருக்கினால், விடை 32 பிற்றுக்குள் அடங்காமல் மிஞ்சுவது 4 பைற். எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியே வாங்கும் கே-கலொக் அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும்.

டெவ்எம் வகை ஒதுக்கீடுகள்தான் இப்போது எல்லோருக்கும் செல்லம். கருவி கழன்றதும் நினைவகம் தானாக விடுபடும், கே-ஃப்ரீ வரிகள் குறையும், பார்க்க அழகு. ஆனால் அந்த நினைவகத்தின் ஆயுள், ட்றைவருக்கும் கருவிக்கும் உள்ள பிணைப்போடு முடிகிறது. யூஎஸ்பி சென்சரைப் பிடுங்கிய பின்னும் ஏதோவொரு நிரல் அதன் டெவ் கோப்பை (நிரல்கள் கருவியோடு பேசும் கோப்பை) திறந்தே வைத்திருக்கலாம். அது அடுத்து வாசிக்கும்போதோ மூடும்போதோ, ட்றைவர் விடுபட்ட இடத்தைத் தொடும். திறந்த கோப்பு தொடக்கூடிய தரவுக்கு டெவ்எம் வேண்டாம். கே-றெஃப் மூலம் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்து, கடைசி ஆள் கையெடுக்கும்போது விடுவியுங்கள். லினக்ஸ் 6.5 இல் வந்த, மாறியின் எல்லை (ஸ்கோப்) தாண்டியதும் தானே விடுவிக்கும் முறையும் நல்லதே. அதையும், நிரலின் வேறு வரிக்குத் தாவும் கோட்டூவையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீர்கள்.

தூங்காமல் நினைவகம் கேட்கும் ஜிஎஃப்பி அற்றோமிக்கை, தேவைப்பட்டால் தூங்கிக் காத்திருக்கும் ஜிஎஃப்பி கேர்னலாக மாற்ற முன், ஸ்பின்லொக் (பிடித்திருக்கையில் தூங்கக்கூடாத பூட்டு) பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நினைவகம் தாராளமாக இருக்கும் நாளில் ஒதுக்கீடு தூங்காமலே முடிந்து, மாற்றம் சரிபோலத் தெரியும். நெருக்கடி வரும் நாளில்தான் விழும். அற்றோமிக் ஸ்லீப் சோதனையை இயக்கி வைத்தால் முதல் ஓட்டத்திலேயே கத்தும்.

பிழைப் பாதைகளை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஃபெயில்ஸ்லாப்பை இயக்கி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கவையுங்கள். மொட்யூலை (கேர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய உங்கள் ட்றைவரை) 100 தரம் ஏற்றி இறக்குங்கள். பிறகு, விடுவிக்க மறந்த நினைவகத்தைக் கண்டுபிடிக்கும் கே-மெம்லீக்கை இரண்டு தரம் தேடவிடுங்கள், ஏனெனில் புதிதாய் ஒதுக்கியதை அது உடனே கணக்கெடுக்காது. விடுபட்ட இடத்தைத் தொடுவதைப் பிடிக்கும் காசான், ஒவ்வொரு 8 பைற்றுக்கும் 1 பைற் நிழல் (கண்காணிப்புக் குறிப்பு) வைப்பதால் 512 எம்பியில் 64 எம்பி போய்விடும். அதைப் போர்டில் அல்ல, மேசைக் கணினியில் கியூஈமு என்ற பாவனைக் கணினிக்குள் ஓட்டுங்கள். நிரல் வரிகளின் இடைவெளி திருத்தத்தையும் நினைவக உரிமை மாற்றத்தையும் ஒரே பட்ச்சில் (மாற்றத் தொகுப்பில்) அனுப்பாதீர்கள். பைசெக்ட் செய்பவரால் (மாற்றங்களைப் பாதிபாதியாகச் சோதித்துப் பிழையைத் தேடுபவரால்) எது உடைத்தது என்று பிரித்தறிய முடியாது.