8,000 ஆண்டுக் கணக்கு

‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கெல்லாம் கருத்தடை செய்துவிட்டால், சில தலைமுறைகளில் அந்தக் குறையே நாட்டில் இருக்காது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் படித்த பெரிய மனிதர்கள் பலர் இப்படித்தான் நம்பினார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1883-இல் யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்த சிந்தனை இது. 1907-இல் இந்தியானா மாகாணம் அதைச் சட்டமாகவே ஆக்கியது.

சரி, நியாய அநியாயத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு குறைக்கு ஒடுங்கு மரபணு ஒன்று காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளுமே பழுதாக இருந்தால்தான் குறை வெளியே தெரியும். ஒரே ஒரு பழுதுப் பிரதி உள்ளவர் நன்றாகவே இருப்பார். ஆனால் அதைப் பிள்ளைகளுக்குக் கடத்துவார். 1908-இல் கணிதர் ஹார்டியும் மருத்துவர் வைன்பெர்க்கும் தனித்தனியே கண்ட சமன்பாட்டின்படி, 100 பேரில் ஒருவருக்குக் குறை இருந்தால் அதை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் 18 பேர். கருத்தடைக் கத்தி அந்த ஒருவரைத்தான் பிடிக்கும். குறை அரிதாக அரிதாக நிலைமை இன்னும் மோசம்: 10,000-இல் ஒருவர் என்றால், சுமப்பவர்கள் 198 பேர்!

கேம்பிரிட்ஜ் மரபியலாளர் பன்னெட் 1917-இல் இதைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவரையும் விடாமல் தடுத்தாலும், 100-க்கு ஒருவர் என்பது 1,000-க்கு ஒருவராகக் குறைய 22 தலைமுறை ஆகும். 1,00,000-க்கு ஒருவராக 8,000 ஆண்டுகளுக்கு மேல். இத்தனைக்கும் அவர் யூஜெனிக்ஸின் எதிரி அல்ல. ‘மந்தபுத்தி’ ஒற்றை மரபணுவால் வருவதே இல்லை என்பது தனிக்கதை. ஏழைகள், படிக்காதவர்கள், மணமாகாமல் தாயானவர்கள் எனப் பலரும் அந்தப் பட்டியலில் தள்ளப்பட்டார்கள்.

அப்படித் தள்ளப்பட்டவர்தான் வர்ஜீனியாவின் கேரி பக். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்றவரை ஒரு காப்பகத்தில் அடைத்தார்கள். அவருடைய ஏழு மாதக் குழந்தை விவியனின் தோற்றமே இயல்பாக இல்லை என்று, கேரிக்குக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கில் சாட்சி வேறு. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று கருத்தடைக்கு அனுமதி தந்தது. “மூன்று தலைமுறை மந்தபுத்திக்காரர்கள் போதும்” என்று கேரியின் தாய், கேரி, விவியன் மூவரையும் சேர்த்து எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். அந்த மூன்றாம் தலைமுறை விவியன் பின்னாளில் பள்ளியில் நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள். 1932-இல், எட்டு வயதில், நோயில் இறந்தாள்.

அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. அமெரிக்கர் ஹாரி லாஃப்லின் எழுதிவைத்திருந்த மாதிரிச் சட்டத்தை ஒட்டி ஹிட்லரின் ஜெர்மனி 1933-இல் தன் சட்டத்தை இயற்றியது. அங்கே சுமார் 4 லட்சம் பேர். வர்ஜீனியா தன் சட்டத்தை 1974-இல்தான் நீக்கியது. கேரி பக் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.