ஆல்கஹாலோடு பீரின் மணமும் ஏன் போய்விடுகிறது?

பீரிலிருந்து ஆல்கஹாலை வெளியேற்றுவது பெரிய வித்தை அல்ல. தூய ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், தண்ணீருக்கு 100 டிகிரி வேண்டும். அதனால் பீரைச் சூடாக்கினால் ஆல்கஹால்தான் முந்திக்கொண்டு ஆவியாகும். ஆனால் கூடவே மணமும் கிளம்பிவிடும். சில பீர்களில் வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிடேட் போன்ற எஸ்டர்கள் எனும் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. மிஞ்சும் திரவத்தில் வெந்த வாடை வேறு ஏறிவிடும்.

அதனால் ஆலைகள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏறக்குறைய 40 டிகிரியிலேயே ஆல்கஹாலைப் பிரிக்கின்றன. சிலர் ஆவியோடு போகும் மணப்பொருள்களைத் தனியே பிடித்துத் திரும்பச் சேர்க்கிறார்கள். சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவது இன்னொரு முறை. தண்ணீரும் ஆல்கஹாலும் சவ்வைக் கடந்துவிடும், பெரிய மூலக்கூறுகள் தங்கிவிடும். குறைந்த தண்ணீரை அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம்.

சரி, ஆல்கஹாலை உருவாகவே விடாமல் தடுத்தால்? எனக்கு இந்த வழிதான் மிகவும் சுவாரசியமானது. மால்ட் சாற்றில், அதாவது பீருக்கு மூலமான முளைகட்டிய தானியச் சாற்றில், உள்ள சர்க்கரையில் பெரும்பகுதி மால்டோஸ். வழக்கமான ஈஸ்ட் அதைத் தின்றுதான் ஆல்கஹால் செய்கிறது. சாக்கரோமைகோடஸ் லுட்விகீ என்ற ஈஸ்டுக்கோ மால்டோஸைத் தின்னத் தெரியாது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் தீர்ந்ததும் ஓய்ந்துவிடும்.

ஆனால் ஈஸ்டின் வேலை ஆல்கஹால் செய்வது மட்டுமல்ல. மால்ட் சாற்றில் ஆல்டிஹைடுகள் என்ற வாடைப் பொருள்கள் உண்டு. அவற்றில் மெத்தியோனல் வேகவைத்த உருளைக்கிழங்கின் வாடை கொண்டது. முழு நொதிப்பில் ஈஸ்ட் இவற்றை மணம் குறைந்த பொருள்களாக மாற்றிவிடும். அரைகுறை நொதிப்பில் நிறைய மிஞ்சிவிடும். போதாததற்கு, ஆல்டிஹைடுகளைத் திரவத்துக்குள் பிடித்துவைப்பதில் ஆல்கஹாலுக்கும் பங்குண்டு. அது இல்லாதபோது அவை சுலபமாக மூக்குக்கு எட்டிவிடும். இப்படிச் செய்த சில பீர்கள் ஹார்லிக்ஸை நினைவூட்டுவது இதனால்தான். நொதிக்காத மால்டோஸின் இனிப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஜெர்மானியர்கள் இதோடு நெடுநாளாக மல்லுக்கட்டுகிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்ட அறவே தடை இருந்த கிழக்கு ஜெர்மனியில், ஓட்டுநர்களுக்காகவே 1972-இல் ‘ஆவ்பி’ என்ற ஆல்கஹால் இல்லாத பீர் வந்தது. மேற்கே, ஃபிராங்க்ஃபர்ட்டின் ‘கிளவுஸ்தாலர்’ 1979-இல் வெளியானது.

ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்றே விற்கலாம். துளியும் கூடாது என்பவர்கள் 0.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குடியை விட்டவர்களுக்கு அதுவும் போதாமல் போகலாம், ஏனென்றால் பீரின் மணமும் சுவையுமே சிலருக்குப் பழைய வேட்கையைக் கிளறிவிடும்.

கிருமிகளைத் தடுப்பதிலும் ஆல்கஹாலுக்குப் பங்குண்டு. அது போய்ச் சர்க்கரை மிஞ்சிய பீரில், அமிலத்தன்மையும் போதாவிட்டால், சால்மோனெல்லா கூட வளர முடியும். அதனால் இதைப் பாஸ்டரைஸ் செய்வது, அதாவது சூடாக்கிக் கிருமிகளைக் கொல்வது, மிக முக்கியம். குழாய் வழியே ஊற்றிக் கொடுக்கும் கடைகளிலும் கூடுதல் சுத்தம் தேவை.