கோள் துண்டு அன்று, கோள்திரளை

முதுநிலை இயற்பியல் முடிக்கவிருக்கும் மாணவி ஒருவர், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கோள்களின் தோற்றம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்கான வாய்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் சொல்லும் குறிப்பு ஒன்றைச் சென்ற வாரம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதில் ஓர் ஆய்வுத் தலைப்பு ‘கோள் துண்டுகளின் உருவாக்கம்’ என்றிருந்தது. “இது உடைந்துபோன கோள்களைப் பற்றிய ஆய்வா, சார்?” என்று அவர் கேட்டார். கோள்கள் உருவாகும் முன் திரண்ட திண்மங்களைக் குறிக்கும் பிளானட்டெசிமல் (planetesimal) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் மொழிபெயர்த்தவர் அப்படி எழுதியிருக்கிறார். அறிவியல் உரைகளிலும் கட்டுரைகளிலும் இந்தக் ‘கோள் துண்டு’ என் காதில் பலமுறை விழுந்திருக்கிறது. பிறர் பிழை என்று கடந்துபோயிருக்கிறேன். வாழ்க்கையின் நான்கைந்து ஆண்டுகளை எந்த ஆய்வில் செலவிடுவது என்று முடிவெடுக்க நிற்கும் ஒருவரை அது தவறான வாசலுக்கு அனுப்பக்கூடும் என்பதைக் கண்ட பிறகு, கடந்துபோக மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிலவியல் அறிஞர் தாமஸ் சேம்பர்லினும் வானியல் அறிஞர் ஃபாரஸ்ட் மோல்ட்டனும் 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்வைத்த கோட்பாட்டோடு அது வழக்கில் வந்தது. சூரியனின் அருகே கடந்துசென்ற விண்மீன் ஒன்று சூரியனிலிருந்து பொருளை இழுத்து வெளியேற்றியது என்றும், அப்பொருள் குளிர்ந்து எண்ணற்ற சிறு திண்மங்களாக இறுகியது என்றும், அவை சேர்ந்து கோள்களாயின என்றும் அவர்கள் கருதினார்கள். பிளானட் என்பதோடு, கணிதத்தில் எண்ணிப் பார்க்க முடியாத அளவு சிறியதைக் குறிக்கும் இன்ஃபினிட்டெசிமல் என்பதன் வாலை ஒட்டிச் செய்த சொல் அது. கோட்பாடு வீழ்ந்தது, சொல் மட்டும் தங்கிவிட்டது. 1969-இல் சோவியத் அறிஞர் விக்தர் சஃப்ரோனோவ் எழுதிய நூலுக்குப் பின், இளம் விண்மீனைச் சுற்றும் வளிமமும் தூசும் கலந்த வட்டில் திரண்டு, சில கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை குறுக்களவு கொண்டு, தம் ஈர்ப்பினால் பிறவற்றைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கும் திண்மங்களுக்கு அது நிலையான பெயராயிற்று.

இனி ‘துண்டு’ என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழில் துண்டு என்பது முழுமையான ஒன்று வெட்டுண்டோ உடைந்தோ கிடைப்பது. கரும்புத் துண்டு என்றால் முன்பு ஒரு முழுக் கரும்பு இருந்தது; துண்டு நிலம் என்றால் பெரிய நிலம் ஒன்று பிரிந்தது. ஆகவே கோள் துண்டு என்று கேட்கும் எந்தத் தமிழரும் முதலில் ஒரு கோள் இருந்தது, பிறகு அது உடைந்தது என்றே புரிந்துகொள்வார். அறிவியல் சொல்வதோ இதற்கு நேர் எதிரானது. இவை இருந்த காலத்தில் கோளே இல்லை. இவை சேர்ந்த பிறகுதான் கோள் வந்தது. காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் புரட்டிப்போடும் ஒரு சொல்லைச் சற்றே பொருந்தாத பெயர்ப்பு என்று சொல்லி விட்டுவிட முடியாது.

‘துண்டு என்பதைச் சிறியது என்ற பொருளில்தானே ஆள்கிறோம்’ என்று வாதிடுவோர் உண்டு. உடைந்த துண்டுகளை ஆராயும் தனித் துறை ஒன்று வானியலில் இல்லாதிருந்தால் அந்த வாதத்துக்கு ஓரளவு இடம் கொடுத்திருப்பேன். ஆனால் 1984-இல் பீட்டா பிக்டோரிஸ் விண்மீனைச் சுற்றி முதன்முதலாகப் படமெடுக்கப்பட்ட வட்டு, ஏற்கெனவே உருவான திண்மங்கள் மோதிச் சிதறிய தூசால் ஆனது. 1918-இல் ஜப்பானிய அறிஞர் கியோட்சுகு ஹிராயாமா இனங்கண்ட சிறுகோள் குடும்பங்களும் பெரிய உடல்கள் உடைந்த சிதறல்களே. துண்டு என்ற சொல் அங்கேதான் பொருந்தும். திரள்வதை ஆராய்வதும் சிதறுவதை ஆராய்வதும் வெவ்வேறு. கணக்கீடுகள் வேறு, நோக்கப்படும் வட்டுகளின் வயதும் வேறு. அந்த மாணவி குழம்பியது அவர் அறியாமையால் அன்று. தமிழை அவர் சரியாகப் படித்ததால்தான் குழம்பினார்.

2019 ஜனவரி 1-ஆம் நாள் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெப்டியூனுக்கு அப்பால் உள்ள அரோக்கோத் என்னும் சிறு வான்பொருளைக் கடந்தபோது எடுத்த படங்களையும் இங்கே நினைக்க வேண்டும். ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமுள்ள அது, இரண்டு உடல்கள் மெல்ல வந்து ஒட்டிக்கொண்ட தோற்றத்தில் இருக்கிறது. ஒட்டிய இடத்தில் மோதி நொறுங்கிய தடயம் இல்லை. தொடக்கக் காலத்துப் பிளானட்டெசிமல் ஒன்று ஏறக்குறைய அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது; அதைப் பார்த்த பிறகும் துண்டு என்று எழுத எப்படி மனம் ஒப்புகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

துண்டை விட்டவர்கள் சிலர் ‘குறுங்கோள்’ என்கிறார்கள். 2006-இல் புளூட்டோ கோள் வரிசையிலிருந்து நீக்கப்பட்டபோதே அந்தச் சொல் புளூட்டோ போன்றவற்றின் வகைக்குப் போய்விட்டது. ‘சிறுகோள்’ செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரும்பாலும் சுற்றுபவற்றுக்கு நிலைத்துவிட்டது. மிச்சமிருந்தது ‘நுண்கோள்’, அதையும் முன்மொழிகிறார்கள். நம் சொல்லாக்கத்தில் நெடுநாளாக உள்ள குறை இது: ஒரு பொருளின் அளவு மட்டும்தான் கண்ணுக்குப் படுகிறது, அது எப்படி வந்தது, என்ன செய்கிறது என்பது படுவதில்லை. சிறு, குறு, நுண் என்று அடுக்கிக்கொண்டே போனால் பத்தாவது பொருளுக்கு அடைமொழி எங்கிருந்து வரும்? நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பாறையை நுண் என்பதும் பொருந்தாது.

‘கோள்வித்து’, ‘கோட்கரு’ ஆகியவை இவற்றைவிட மேலானவை; ஆக்கும் திசை அவற்றில் சரியாக இருக்கிறது. எனினும் ஒரு வித்து ஒரு மரமாகும்; இங்கே எண்ணற்றவை சேர்ந்து ஒரு கோளாகின்றன. கருவோ அடுத்த கட்டத்துக்கு வேண்டும். நிலவின் அளவிலிருந்து செவ்வாயின் அளவு வரை வளர்ந்துவிட்டதை ஆய்வாளர்கள் கரு என்ற பொருள்படும் சொல்லால்தான் வழங்குகிறார்கள். அதைக் கோட்கரு என்று தமிழில் வைத்துக்கொள்வதே முறை.

என் பரிந்துரை ‘கோள்திரளை’. திரள் என்ற வினையிலிருந்து வந்த திரளை என்பதற்கு உருண்டை, கட்டி என்று பொருள். யாழ்ப்பாணத்து வீடுகளில் குழைத்த சோற்றைத் திரளை பிடித்துக் கையில் வைப்பார்கள். உடைந்ததை எவரும் திரளை என்பதில்லை. சிதறிக் கிடந்தது ஒன்றாகக் கூடியதே திரளை. இன்றைய அறிவியலுக்கும் அது நெருக்கமாக நிற்கிறது. பூமி இருக்கும் தொலைவில் ஒரு மீட்டர் அளவுள்ள கல், வளிமத்தின் இழுவையால் நூறு ஆண்டு அளவிலேயே விண்மீனை நோக்கிச் சரிந்துவிடும். ஆகவே கல்லோடு கல் மெல்ல ஒட்டி மலையாக வளர்வது கடினம். 2005-இல் ஆய்வாளர்கள் யூடினும் குட்மனும் காட்டிய ஓட்ட நிலையின்மை என்னும் விளைவில் கூழாங்கற்கள் வளிமத்தின் ஊடே ஓடுகையில் தாமே கூட்டங்கூட்டமாக நெருங்குகின்றன. நெருக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி நேரே பெரிய உடலாகிவிடுகின்றன. 2007-இல் ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தில் இருந்த ஆண்டர்ஸ் யோஹான்சனும் கூட்டாளிகளும் இத்தகைய விரைந்த திரட்சியைக் கணினியில் நடத்திக் காட்டினார்கள். மோர் கடையும்போது நெடுநேரம் ஒன்றுமில்லாதது போல் இருந்து சட்டென்று வெண்ணெய் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கோள் என்பதே கொள் என்னும் வினை முதல் நீண்டு பிறந்த பெயர், பெறு என்பது பேறு ஆவது போல. அருகிலுள்ளதைத் தன்னிடம் கொள்வது திரளையின் தொழில் என்பதால் இரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சொல்லை நான் அதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. இலக்கணப்படி ‘கோட்டிரளை’ என்றே புணர வேண்டும் என்பதை அறிவேன். அப்படி எழுதினால் கொம்பைக் குறிக்கும் கோடும் மானைக் குறிக்கும் இரலையும் காதில் விழுந்து, கொம்புள்ள மான் என்று கேட்பவர் மயங்கலாம். தெளிவுக்காகப் புணர்ச்சியை விலக்குவதில் எனக்குத் தயக்கமில்லை.

அக்குறிப்பில் இருந்த ‘உருவாக்கம்’ என்பதையும் மாற்றினேன். உருவாக்குபவர் ஒருவர் இருந்தால்தான் அந்தச் சொல் இன்று இயல்பாக ஒலிக்கிறது. இங்கே தானாக நிகழ்வதைச் சொல்ல உருவாதல் போதும். மாணவிக்கு எழுதிக் கொடுத்த வரி இது: ‘இளம் விண்மீன்களைச் சூழ்ந்த வட்டுகளில் கோள்திரளைகள் உருவாதலைக் கணினிவழி ஆராயும் முனைவர் பட்ட ஆய்வு’. படித்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, கூழாங்கற்கள் எவ்வளவு நெருங்கினால் திரளும் என்பது.