கல்லான உயிர் அல்ல, புதைபடிவம்

பாம்பன் கரையில், கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளப்பாறையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார். "இவையெல்லாம் கல்லாகிப் போன உயிர்கள்" என்றார். காட்சிக்கூடப் பலகையிலும் ஆவணப்பட வசனத்திலும் இதே தொடரைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. 'ஃபாசில்' என்பதற்கு இது தமிழே அல்ல.

மூலம் லத்தீன், தோண்டுதல் என்னும் வினையில் பிறந்தது. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த எதற்கும், தாதுக்கும்கூட, முதலில் அதுவே பெயர். தொல்லுயிர்களுக்கு மட்டும் என்று ஆனது பிற்பாடு. கல் என்ற பொருள் அதில் இல்லை.

பவளம் எப்போது கல்லானது? உயிரோடு இருக்கும்போதே அதன் கூடு சுண்ணாம்புதான். பவளக்கல்லை வெட்டிக் காளவாயில் சுட்ட கரை இது; இங்கே நின்றுகொண்டா இப்படிச் சொல்வது? அந்தப் பாறை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் சற்று உயர்ந்திருந்தபோது வளர்ந்தது. நீர் இறங்கியது, உயிர் போனது, கூடு நின்றது.

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சதை அழுகிவிடும். ஓடு வண்டலுக்குள் விரைவாகப் புதைந்தால் தப்பும். சில இடங்களில் ஓட்டின் நுண்துளைகளில் தாது ஊறி இறுகும். சில இடங்களில் ஓடே கரைந்து வெற்றுக் குழி மிஞ்சும்; அது அச்சு. அந்தக் குழியில் வேறு மண் நிரம்பி இறுகினால் வார்ப்பு. வார்ப்பில் இருப்பது முழுக்க மண். ஒருநாளும் உயிரோடு இராத மண்ணை 'கல்லான உயிர்' என்பது பொய்.

'தொல்லுயிர் எச்சம்' பரவாயில்லை; ஆனால் எச்சம் என்றால் உடலில் மிஞ்சியது, அச்சிலோ எதுவும் மிஞ்சவில்லை. 'புதைபடிமம்' என்போரும் உண்டு. படிமம் கவிதைக்கும் ஸ்கேன் அறைக்கும் போய்விட்ட சொல். புதைபடிவம் என்றால் புதைந்த வடிவம்: பொருள் மாறினாலும் கரைந்தாலும் நிலைப்பது வடிவம்தானே! அதனால் ஓடு, அச்சு, வார்ப்பு, காலடிச் சுவடு எல்லாம் அதில் அடங்கும்.

பெட்ரோல் என்று வந்தால் 'புதைபடிவ எரிபொருள்' எனச் சரியாக எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள்தான், அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் அம்மோனைட்டை, அதாவது அழிந்துபோன ஓடுள்ள கடலுயிரின் புதைபடிவத்தை, 'கல்லான நத்தை' ஆக்குகிறார்கள். சுருண்ட ஓட்டைக் கண்டதும் நத்தை! அது கணவாயின் இனம். ராமநாதபுரம் கரையில் நாள்தோறும் ஏலத்துக்கு வருகிற கணவாய்.