அணைந்த என்ஜினை விண்வெளியில் மறுபடி மூட்டுவது எப்படி?

2024 ஜூலை 9 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 6 ராக்கெட், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதல்முறையாகக் கிளம்பியது. சுற்றுப்பாதையை எட்டியது, சிறு செயற்கைக்கோள்களை இறக்கிவிட்டது. கடைசி வேலை மட்டும் நடக்கவில்லை. ராக்கெட்டின் உச்சிப் பகுதியான மேலடுக்கின் என்ஜினை மூன்றாவது முறை மூட்டி, அந்த அடுக்கைக் கடலை நோக்கி இறக்கியிருக்க வேண்டும்.

இதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியன் 5-இன் மேலடுக்கில் இருந்த எச்எம்7பி என்ஜினுக்கு இந்தக் கவலையே இருக்கவில்லை. அதன் டர்பைனை முதலில் சுழற்றிவிட்டது திட எரிபொருள் நிரப்பிய ஒரு தோட்டா. ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது, மறுபடி மூட்ட வழியில்லை.

ஏரியன் 6-இன் வின்சி என்ஜின் வேறு ரகம். உந்துவிசை 180 கிலோநியூட்டன். மைனஸ் 253 டிகிரியில் வரும் திரவ ஹைட்ரஜன், எரிபொருள் எரியும் அறையான எரிகலனின் சுவருக்குள் உள்ள நுண்பாதைகளில் ஓடிச் சுவரைக் குளிர்விக்கிறது. அந்தச் சூட்டில் தானும் வாயுவாகி விரிகிறது. விரியும் வாயு டர்பைன்களைச் சுழற்றி, பம்புகளை ஓட்டிவிட்டு, எரிகலனுக்கே போய் எரிகிறது. தனியாக எரித்து வெளியே கொட்டும் வாயு என்று எதுவும் கிடையாது. எரியாத என்ஜினுக்குச் சூடு ஏது என்று கேட்கலாம். மைனஸ் 253 டிகிரி திரவத்துக்குச் சாதாரண உலோகமே அடுப்புதான்! தொட்டி அழுத்தம் தள்ளிவிடும் ஹைட்ரஜன் அந்தச் சூட்டிலேயே டர்பைனை அசைத்துவிடும், பிறகு தீப்பொறி. ஆனால் உந்துவிசையைக் கூட்டிக்கொண்டே போனால் சுவர் தரும் வெப்பம் ஈடுகொடுக்காது. எரிகலனை நீளமாகச் செய்திருப்பது அதற்காகத்தான்.

உண்மையான தலைவலி தொட்டிக்குள் இருக்கிறது. என்ஜின் அணைந்ததும் எடையின்மையில் திரவம் கட்டிகட்டியாக மிதக்கும். அடியில் உள்ள குழாய்வாயில் திரவம் நிற்குமா, வாயு நிற்குமா, யாருக்குத் தெரியும்? குமிழி உள்ளே போனால், சுமையிழந்த பம்பு கட்டுமீறிச் சுழன்று சிதையலாம். தொட்டி அழுத்தம் குறைந்தாலும் ஆபத்து: பம்பின் வாயிலேயே திரவம் கொதித்துவிடும். பம்பைக் குளிர வைக்காமல் தொடங்கினாலும் அதே கதி.

அழுத்தத்துக்கு ஹீலியம் சிலிண்டர்களை ஏற்றலாம். ஆனால் எத்தனை முறை மூட்டுகிறோமோ அத்தனைக்கு எடை ஏறும். ஏரியன் 6 அதற்குப் பதிலாக ஏபியூ என்ற துணை ஆற்றல் அலகை வைத்திருக்கிறது. அது தொட்டிகளிலிருந்தே கொஞ்சம் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எடுத்து, சூடாக்கி, வாயுவாகத் திருப்பி அனுப்பித் தொட்டி அழுத்தத்தைக் காக்கிறது. கூடவே வாயுவைப் பின்பக்கம் பீச்சி, ராக்கெட்டை மெல்ல முன்னே தள்ளுகிறது. பேருந்து நகரும்போது நாம் பின்னால் சாய்வதுபோல, திரவம் தொட்டியின் அடியில் வந்து தங்கிவிடும். வின்சியைவிட எனக்கு இந்தச் சின்னக் கருவியே கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது.

முதல் பயணத்தில் மாட்டிக்கொண்டதும் இதுதான். வின்சி இரண்டு முறை சரியாக எரிந்தது. அதன்பின் ஏபியூவைத் திரும்பத் தொடங்கியபோது, ஒரு வெப்ப அளவீடு வரம்பைத் தாண்டியது. மென்பொருள் விதிப்படி அதை அணைத்துவிட்டது. திரவத்தை அடியில் சேர்க்க ஆளில்லாததால் வின்சியைத் தொடவே முடியவில்லை. மேலடுக்கில் ஏற்றியிருந்த, பூமிக்குத் திரும்ப வேண்டிய இரண்டு கலங்களும் அதிலேயே தங்கிவிட்டன. பாதையில் கிடக்கும் அடுக்கு பின்னால் வெடித்துச் சிதறாமலிருக்க, அதை முடக்கிவைத்தார்கள்.

பறப்பு மென்பொருளைத் திருத்திய பிறகு, 2025 மார்ச் 6 அன்று இரண்டாவது ஏரியன் 6 பிரான்சின் சிஎஸ்ஓ-3 ராணுவ உளவு செயற்கைக்கோளுடன் போனது. இம்முறை மூன்றாவது தடவையும் வின்சி எரிந்தது. மேலடுக்கு வளிமண்டலத்துக்குள் இறங்கியது.